ஆறு ஃபானும் ஓர் ஊதுபத்தியும்

அச்சுவேலியில் வீட்டு முன்னறையில் இருந்துதான் கலியாண வீடியோக்களை எடிற் பண்ணிக் கொடுக்கிறேன். ஆனி, ஆவணி முகூர்த்தங்களும் சோளகக் காற்றும் சேர்ந்தே வரும். தென்மேற்கிலிருந்து, நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு வருகிற காற்று அது. யன்னலைத் திறந்தால் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். பூட்டினால் அறை அவியும்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் கொம்பியூட்டருக்குப் புதுக் கேசிங் வாங்கினேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வர்ண லைற்றுகள். முன்னுக்கு மூன்று ஃபான், மேலே இரண்டு, பின்னுக்கு ஒன்று. ஆறு ஃபான் இருக்கும்போது சூடு என்ன செய்யும் என்று நினைத்தேன். முதல் கலியாணத்தை ரெண்டர் பண்ணப் போட்டு இருபது நிமிடத்தில் புரொசசர் 96 பாகையில் நின்றது. சத்தம் தோட்டத்தில் இறைப்பு மெசின் ஓடுகிற மாதிரி. இன்டெல் புரொசசர்களில் பல 100 பாகையைத் தொட்டால் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். என்னுடையதும் இடைக்கிடை அதைத்தான் செய்தது. மூன்று மணித்தியால வேலை நாலரையாக நீண்டது.

புரொசசருக்குப் புதிதாகப் பேஸ்ற் பூசினேன். பின்பக்கத்துக்கு வேகம் கூடிய ஃபான் ஒன்று வாங்கிப் பூட்டினேன். சத்தம் கூடியதே தவிர சூடு இறங்கவில்லை. காசு போன பிறகுதான் காசில்லாத சோதனைகள் நினைவுக்கு வந்தன.

முதல் சோதனை, பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஓட விடுவது. 96 இல் நின்றது 83 க்கு இறங்கியது. திறந்தவுடன் இவ்வளவு இறங்கினால் கூலரிலும் பேஸ்ற்றிலும் பெரிய பிழையில்லை. உள்ளே போதிய காற்று வரவில்லை என்று அர்த்தம். திறந்தும் இறங்காவிட்டால்தான் கூலரைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, தூசி எங்கே படிந்திருக்கிறது என்று பார்ப்பது. கேசிங்கைத் திருப்பினால், வி.ஜி.ஏ. கார்ட்டுக்குக் கீழேயுள்ள தகட்டு இடுக்குகளின் ஓரமெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு கீறினது போலச் செம்மண். உள்ளே இருந்து காற்று வெளியேறும் இடுக்கில் தூசி அப்படிக் கோடாகப் படியாது. வெளிக்காற்றை அந்த இடுக்குகள் உறிஞ்சிக்கொண்டிருந்தன.

மூன்றாவது சோதனைக்குச் சாமியறையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்தினேன். "மோனை, கொம்பியூட்டருக்கும் தூபம் காட்டத் துவங்கிட்டியோ?" என்றார் அம்மா. புகையைப் பின்னிடுக்கில் பிடித்தேன். இழைபோல உள்ளே போனது. முன் கண்ணாடி ஓரத்தில் பிடித்தேன். பாதிப் புகை சும்மா மேலே எழுந்தது. அங்கே உள்ளே போன கொஞ்சப் புகையும் கூலரைத் தொடமுதல், மேலே முன்னுக்கிருந்த ஃபானால் வெளியே போய்விட்டது.

கணக்கில் மூன்று உள்ளே, மூன்று வெளியே; சமன்தான். ஆனால் முன் ஃபான்களுக்குக் கண்ணாடியின் ஓரத்தில் விரல் அகல இடைவெளிதான் மூச்சு. மேலேயும் பின்னுக்கும் உள்ளவற்றுக்குத் தடையே இல்லை. எத்தனை ஃபான் என்பதைவிட, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வழி விட்டிருக்கிறோம் என்பதே கணக்கு. பிறகு செய்தவை இவை:

1. முன் கண்ணாடியைக் கழற்றினேன். முதலில் நுளம்பு வலை கட்டினேன். அதன் கண் பெரிது. தும்பையும் தலைமயிரையும் பிடிக்கும், மாப்போன்ற செம்மண்ணை விட்டுவிடும். பிறகு காந்தம் வைத்த மெல்லிய ஃபில்ரர் வாங்கி ஒட்டினேன்.

2. மேலே முன்னுக்கிருந்த ஃபானைக் கழற்றி, அந்த ஓட்டையைக் காட்போட் மட்டையால் அடைத்தேன். சூடு மேலே போகும் என்பது உண்மைதான். ஆனால் ஃபான் தள்ளுகிற காற்றுக்கு முன்னால் அந்த இயல்பான எழுச்சி மிகச் சிறியது. காற்று முன்னால் வந்து, கூலரைக் கடந்து, பின்னால் போனால் போதும்.

3. வெளியேற்றும் இரண்டையும் மெதுவாக்கினேன். உள்ளே வருவது சற்றுக் கூடுதலாக இருந்தால் இடுக்குகளால் காற்று வெளியேதான் கசியும். தூசி ஃபில்ரர் வழியாகத்தான் வர வேண்டும்.

4. நாலு பின் (4-pin) இணைப்புள்ள ஃபான்களின் வேகத்தைப் பயோஸில் ஒழுங்குபடுத்தினேன். ஒரு ஃபானின் வேகத்தை இரட்டித்தால் காற்று இரட்டிக்கும். சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். அதே மாதிரி இன்னொரு ஃபானைச் சேர்த்தால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். அதனால் இரண்டை மெதுவாக ஓட விடுவது, ஒன்றை அலற விடுவதைவிட நல்லது.

5. கேசிங்கை நிலத்திலிருந்து தூக்கிச் சின்ன ஸ்ரூலில் வைத்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, யன்னலுக்கு நேரே இல்லாமல்.

ஃபான் பூட்டுகிறவர்களுக்கு ஒரு சொல்: பொதுவாகச் சட்டத்தின் கைகளும் மோட்டரும் தெரிகிற பக்கத்தால்தான் காற்று வெளியே வரும். இப்போது இதழ்களைத் திருப்பிச் செய்த ஃபான்களும் விற்கின்றன. ஆகவே ஓரத்திலுள்ள அம்புக்குறியைப் பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஓட விட்டு ரிசு பேப்பர் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து அதே வேலையை ஓட்டியபோது 81 பாகை. ஐந்தே ஃபான், பழைய சத்தத்தில் பாதியும் இல்லை. இதற்கு மேல் இறங்கும் என்று ஆசைப்படவில்லை. எந்த ஃபானும் அறைக் காற்றைத்தான் உள்ளே தள்ளும். என் அறையே பகலில் 32, 33 பாகை.

சோளகக் காலத்தில் மூன்று கிழமைக்கு ஒருமுறை ஃபில்ரரைக் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் போடுகிறேன். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். உள்ளே துப்புரவாக்கும்போது பிளக்கைக் கழற்றி, விறாந்தைக்குக் கொண்டுபோய்ப் பெயின்ற் பிறஸ்ஸால் மெல்லத் தட்டுவேன். ஊதுகிற மெசின் பிடித்தால் ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தன்பாட்டில் சுழல விட்டால் பெயறிங் கெட்டுவிடும்.

போன சோளகம் முடிந்தபின் கேசிங்கைத் திருப்பிப் பார்த்தேன். பின்னிடுக்குகளில் சிவப்புக் கோடு இல்லை. முன் ஃபில்ரர்தான் செங்கட்டி நிறத்தில் இருந்தது. கிணற்றடியில் இரண்டு வாளித் தண்ணீரோடு அந்தச் செம்மண் போய்விட்டது.