ஏறின கியரிலேயே இறங்கணும்

இந்த மாதப் பாடம் புத்தகத்திலிருந்து வரவில்லை. பண்டார் தெங்காராவில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த ஒரு தாத்தாவிடமிருந்து வருகிறது. போன வருடம் 72 வயதில் காலமானார். தன்னைப் பற்றிப் பேசுவதே பிடிக்காத மனிதர், அதனால் பெயரை எழுதவில்லை.

எனக்கு அவர் 'லோரி தாத்தா'. பாசிர் கூடாங்கிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை முப்பது வருடம் லோரி ஓட்டியவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கருமாதி அன்று அவர் பேத்தி ஒரு மைலோ டின்னைத் திறந்தாள். உள்ளே ஒரு ராணுவப் பதக்கம், ரிப்பன் நிறம் போய்க் கிடந்தது. "தாத்தா ஆர்மியில என்ன செஞ்சாரு?" என்று கேட்டாள். யாருக்கும் முழுசா பதில் தெரியல. பாட்டிதான் கொஞ்சம் சொன்னார்.

1. சாலை

தாத்தா 1970களில் ராணுவ ஓட்டுநர். கெரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போடப்பட்ட காலம் அது. 1970இல் தொடங்கிய வேலை 1982இல்தான் முடிந்தது. காடும் மலையும் மட்டும் காரணமில்லை. கம்யூனிஸ்டு ஆயுதப் படையினர் நடமாடிய பகுதி அது. 1974இல் சாலை போடும் இயந்திரங்களையே தகர்த்தார்கள். ராணுவக் காவலோடுதான் வேலை நடந்தது. அந்தப் பாதையில் சாமான் ஏற்றிப் போனவர்களில் தாத்தாவும் ஒருவர். 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாய் ஒப்பந்தத்தோடுதான் சண்டை ஓய்ந்தது. இன்று நாம் அந்தச் சாலையில் காரை நிறுத்தி போட்டோ எடுக்கிறோம்.

பத்து வருடத்தில் வெளியே வந்தார். பென்ஷனுக்கு அந்தச் சேவைக்காலம் போதவில்லை. கையில் இருந்தது ஓட்டும் திறமை ஒன்றுதான். லோரி ஏறினார். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுசாகத் திறந்தது 1994இல்தான். அதற்கு முன் பழைய சாலையில், ஊர் ஊராக நுழைந்துதான் வடக்கே போகணும்.

2. கியர்

நான் லைசென்ஸ் எடுத்தபோது தாத்தா சொன்னார்: "தம்பி, மலையில எந்த கியர்ல ஏறுனியோ, அதே கியர்ல இறங்கு." "இப்ப எல்லாம் ஆட்டோ கியர் தாத்தா" என்று சிரித்தேன்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டியின் ஆற்றல் எல்லாம் பிரேக்கில் வெப்பமாகிறது. அளவு மீறிச் சூடானால் பிரேக் பிடிக்காது. சின்ன கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வேகம் 60லிருந்து 90க்குப் போனால் பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கத் தேவையான தூரம் ஒன்றரை மடங்கு அல்ல, ஏறக்குறைய 2.25 மடங்கு. தாத்தாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அதன் விடை தெரியும்.

3. எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை அன்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன், டயர் காற்று, எண்ணெய், பிரேக் மூன்றையும் பார்ப்பார். "நம்ம வேலைய நாம செஞ்சிட்டுத்தான் சாமிகிட்ட போவணும்" என்பார். கர்ம யோகம் பற்றி நான் முகாமில் குறிப்பெடுத்திருக்கிறேன். அவர் அதைக் கையில் கிரீஸோடு செய்துகொண்டிருந்தார். மூன்று வீடு தள்ளி இருந்த என்னிடம் ஒரு நாளும் ஒரு கேள்வி இல்லை. இதுதான் என் குறை.

பாட்டி சொன்னதை அவர் பேத்தியும் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். நான்கு பக்கம்தான் வந்தது. அதைப் பதக்கத்தோடு அதே டின்னில் வைத்திருக்கிறோம்.

கலந்துரையாட:
அ) உங்கள் தாமானில் ராணுவத்திலோ போலீஸிலோ இருந்தவர் யார்?
ஆ) 'வெறும் டிரைவர்' என்று யாரையாவது நினைத்தது உண்டா? ஏன்?
இ) அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு பெரியவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதி வாருங்கள். அவர் இருக்கும்போதே போங்கள்.