தலை என்னுடையது, சாலை எல்லோருடையது



சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் நடந்த பட்டிமன்றம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தலைப்பு, 'தலைக்கவசச் சட்டம் தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கிறதா?' என்பது. நான் 'பறிக்கிறது' அணி. "என் தலை, என் இஷ்டம். விழுந்தா எனக்குத்தானே அடி? போலீசுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். ஒரே கைதட்டல்! எங்கள் அணிதான் ஜெயித்தது. இன்று அந்தக் கேள்விக்கு நானே பதில் எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அதன் 129-வது பிரிவுப்படி, இருசக்கர வாகனம் ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். 4 வயதுக்கு மேல் எல்லோருக்கும் இது பொருந்தும். தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2019-ல் சட்டம் திருத்தப்பட்டபோது அபராதம் 1000 ரூபாய் ஆனது. லைசென்சை 3 மாதம் முடக்கவும் வழி வந்தது.

நம் தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் சென்னை போன்ற பெரிய நகரங்களிலும், ஜூலை 1 முதல் மற்ற ஊர்களிலும் இது கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாளிலேயே கெடுபிடி தளர்ந்தது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2015 ஜூலை 1 முதல் மீண்டும் கட்டாயம் ஆனது. அப்போது கடைகளில் ஹெல்மெட் கிடைக்காமல் விலை ஏறிய கதையை அப்பா இன்றும் சொல்வார்.

சுதந்திரம் என்ன ஆவது?

அரசியலமைப்பின் 19-வது பிரிவு, இந்தியா முழுவதும் தடையின்றிச் சென்று வரும் உரிமையை நமக்குத் தருகிறது. பட்டிமன்றத்தில் நான் இதைத்தான் பிடித்துக்கொண்டேன். ஆனால் அதே பிரிவில் கொஞ்சம் தள்ளி, பொதுமக்கள் நலனுக்காக 'நியாயமான கட்டுப்பாடு' விதிக்கலாம் என்றும் இருக்கிறது. அதை நான் படிக்காமல் விட்டுவிட்டேன்!

என்னைப் போலவே கேட்ட ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார். ஆந்திராவின் ஹெல்மெட் விதியை எதிர்த்த அஜய் கனு வழக்கு அது. 1988-ல் தீர்ப்பு வந்தது. ஹெல்மெட் போடு என்பது ஊருக்குப் போகாதே என்று தடுப்பது ஆகாது, பாதுகாப்பாகப் போ என்பதுதான், மக்கள் நன்மைக்கான விதியை மறுக்கும் அடிப்படை உரிமை யாருக்கும் கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். எங்கள் சமூக அறிவியல் சார் இதைச் சொன்னபோதும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. என் மாமா விழுந்த பிறகுதான் புரிந்தது.

மாமாவின் கதை

மாமா விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போவார். ஹெல்மெட் உண்டு, ஆனால் பெட்ரோல் டேங்க் மேல்தான் இருக்கும். விக்கிரவாண்டி டோல்கேட் வந்தால் தலைக்கு ஏறும், தாண்டினால் இறங்கிவிடும். ஒரு நாள் கூட்டேரிப்பட்டு அருகே குறுக்கே ஓடிய நாய்க்காக பிரேக் போட்டார். வண்டி சறுக்கியது. தலையில் அடி.

பின்னால் வந்த லாரி டிரைவர் எப்படியோ ஒடித்து நிறுத்திவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. ஆனாலும் கூடிய கூட்டம் அவரைத்தான் அடித்தது. அவர்தான் 108-க்குப் போன் செய்தவர் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மாமா 19 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துவிட்டார், ஆனால் ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை. அத்தை கரும்பு வெட்டப் போனார். ஆயா வளர்த்த இரண்டு ஆட்டையும் விற்றோம். இப்போதும் மாமா சில சமயம் என் பெயரை மறந்துவிடுகிறார். "அக்கா பையன்தானே நீ?" என்பார். 'விழுந்தா எனக்குத்தானே அடி' என்று மேடையில் பேசியது ஞாபகம் வந்து எனக்கு வெட்கமாக இருக்கும்.

அடி ஒருவர் தலையில் பட்டாலும் வலி பல பேருக்குப் போகிறது. அரசுப் பணமும் அதில் இருக்கிறது. விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் நம் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அது நம் எல்லோருடைய வரிப்பணம்.

கொஞ்சம் அறிவியல்

ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சும்மா விழுந்தாலே தலை மணிக்குச் சுமார் 19 கி.மீ. வேகத்தில் தரையில் மோதும். (கணக்குப் போட்டுப் பாருங்கள்!) மோதும் நேரம் குறைந்தால் விசை கூடும் என்று இயற்பியலில் படித்தோம் அல்லவா? ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு நசுங்கி அந்த நேரத்தைக் கூட்டுகிறது. மண்டைக்குப் போகும் விசை குறைகிறது. 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்பார்களே, அதுதான் இது! ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும், வாரும் மாட்டியிருக்க வேண்டும். வார் மாட்டாத ஹெல்மெட், நமக்கு முன்னால் பறந்து போய்விடும்.

2022-ல் மட்டும் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய அரசு அறிக்கை சொல்கிறது. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள்.

எதிர் அணியும் முழுத் தவறு இல்லை

அன்று நான் பேசியதில் ஒன்றை மட்டும் இன்றும் விடமாட்டேன். 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூர் அருகே, ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை ஓர் இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் வண்டியை உதைத்தார். கீழே விழுந்த மனைவி இறந்துபோனார். மக்கள் சாலை மறியல் செய்தார்கள், இன்ஸ்பெக்டர் கைதானார். உயிரைக் காக்க வந்த சட்டம் உயிரை எடுக்கலாமா? நமக்குக் கட்டுப்பாடு இருப்பதுபோல் சட்டத்தை நடத்துபவருக்கும் கட்டுப்பாடு வேண்டும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அபராதம் அனுப்பலாம், துரத்தத் தேவையில்லை. சாலைக் குழியை மூடுவதும், இரவில் விளக்கு எரிய வைப்பதும் அரசின் கடமைதான். 'நியாயமான கட்டுப்பாடு' என்றால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும்.

கடைசியாக என்னைப் பற்றி

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அப்பாவின் எக்ஸ்.எல். வண்டியை எடுத்துக்கொண்டு டியூஷன் போனவன்தான். எனக்கு வயது 15. 2019 திருத்தப்படி சிறுவர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதை அப்பாவிடம் சொல்லி சாவியைக் கொடுத்தேன்.

"மூணு கிலோமீட்டருக்கு எதுக்குடா இவ்ளோ சட்டம் பேசுற?" என்றார்.

"மாமாவும் அன்னிக்கு அப்படித்தாம்ப்பா நெனச்சிருப்பாரு" என்றேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருந்தார். இப்போது அவரும் தெருமுனைக் கடைக்குப் போனால்கூட ஹெல்மெட்டோடுதான் போகிறார்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் வீட்டு ஹெல்மெட் தலையில் இருக்கிறதா, டேங்க்கில் இருக்கிறதா?
2. பின்னால் உட்காரும் அம்மாவுக்கு ஒன்று இருக்கிறதா?
3. உங்களில் எத்தனை பேர் சாவியைத் திருப்பிக் கொடுப்பீர்கள்?

பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். வீட்டில் சொல்லுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்