திருச்சியில் நாம் வெளிமாநிலத்தார்

தோழர்களே, உங்கள் வீட்டிலும் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். ஆதலால் இதை எழுதுகிறேன்.

டிராம்பேயில், சீட்டா கேம்ப்பில் எங்கள் வீடு. “தமிழ்ப்பிள்ளைக்குத் திருச்சியில் இடம் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?” என்றார் அப்பா. எம்.எஸ்ஸி. படிக்கிறவன் என்பதால் விதிகளைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நாகபுரியில் 1960இலும் திருச்சியில் 1964இலும் மண்டலப் பொறியியற் கல்லூரிகள் எழுந்தன. இன்று அவை தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள். இவற்றில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தாருக்கு, மறுபாதி பிறருக்கு. மாநிலத்தார் என்பவர் யார்? தாய்மொழியை எவரும் கேட்பதில்லை. பாட்டன் ஊரையும் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எங்கே தேறினோமோ அதுவே நம் மாநிலம். மும்பையில் தேறிய தமிழன் நாகபுரியில் உள்ளூரான்; திருச்சியில் வெளியூரான்! பவாய் ஐ.ஐ.டி.யில் இந்தப் பாகுபாடே கிடையாது. ஆனால் அங்கே நுழைவது எளிதா?

இதை அப்பாவிடம் சொல்வதுதான் கடினமாயிருந்தது. “இங்கே நம்மை மதராசி என்கிறார்கள். அங்கே போனால் மராட்டியனா?” என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

தமிழ்நாட்டுப் பொறியியற் கலந்தாய்வில் விதி வேறு. வெளியே படித்தவராயினும், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் இருப்பிடச் சான்றிதழ் காட்டலாம். அதைத் தேர்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். நாங்கள் தேர்வு முடிந்தபின் ஊருக்கு ஓடினோம், பிழை எங்களுடையதே. காகிதம் கைக்கு வருமுன் காலம் கடந்துவிட்டது.

தம்பி இப்போது நாகபுரியில் படிக்கிறான். சான்றிதழ் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. தங்கை ஒன்பதாம் வகுப்பு.