உப்பு முதலில் இறங்கட்டும்

அன்புள்ள இளங்கோ,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கடலோரத்து இரண்டு ஏக்கரில் சூரியகாந்தி போடப்போகிறாய். பொட்டாஷ், ஜிப்ரலிக் அமிலம், என்.ஏ.ஏ., சாலிசிலிக் அமிலம் என்று உரக்கடையில் விலையும் கேட்டு வைத்திருக்கிறாய். பயிரைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். சூரியகாந்தி ஓரளவு உப்பைத் தாங்கும், ஆணிவேர் ஆழம் போய் ஈரம் தேடும், மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் உன் பட்டியல் கடைசியில் இருந்து தொடங்குகிறது. முதலில் மண், அடுத்து தண்ணீர், பிறகு உரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஹார்மோன். இந்த வரிசையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். உங்கள் போர்வெல் தண்ணீரின் இ.சி., அதாவது உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், 2 என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உப்பு அதில் இருக்கும். ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டர். அதாவது ஒரே பாய்ச்சலில் ஐந்து மூட்டை உப்பை வயலில் இறக்குகிறாய். அதே ஏக்கருக்கு 20 பி.பி.எம். அளவில் 200 லிட்டர் ஹார்மோன் கரைசல் தெளித்தால் மருந்தின் எடை 4 கிராம். இத்தனை சிறிய அளவிலும் ஹார்மோன் வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் இருக்கும் ஒரு பிடி உப்பைக்கூட அது வெளியேற்றாது. உப்பு வெளியேற வடிகால் வேண்டும்.

அதனால் விதை வாங்கும் முன் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடு. உப்பு பூத்த இடத்து மண்ணைத் தனியாகவும் நல்ல இடத்து மண்ணைத் தனியாகவும் எடு. மேல்மண்ணோடு நிறுத்தாமல் இரண்டடி ஆழத்து மண்ணும் எடு, வேர் அங்கேயும் போகும். பரிசோதனை அட்டை வந்ததும் இ.சி.யையும் பி.எச்.சையும் சேர்த்துப் படி. இ.சி. கூடி, பி.எச். 8.5க்குள் இருந்தால் அது பெரும்பாலும் உவர் நிலம். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் தேறும். பி.எச். அதைத் தாண்டினால் களர். அங்கே சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப்சம் போடாமல் கழுவினால் மண் இறுகி, தண்ணீர் கீழே இறங்காது.

இன்னொன்றையும் கவனி. சூரியகாந்தி இ.சி. 4.8 வரை தாங்கும், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் 5 சதவீதம் குறையும் என்று புத்தகத்தில் படித்திருப்பாய். அது மண்ணைக் குழம்பாக்கிச் சாறெடுத்து அளந்த கணக்கு. நம் மண் பரிசோதனை நிலையங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கோ சற்றுக் கூடவோ தண்ணீர் கலந்து அளப்பார்கள். அப்போது எண் குறைவாக வரும். அட்டையில் 1ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்று எடுத்துக்கொள். நிம்மதியாக இருந்துவிடாதே.

கழுவுவதற்கு உனக்குக் கிடைக்கும் நல்ல தண்ணீர் வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசிக்கு முன்பே வரப்பை உயர்த்து, வயலைச் சமப்படுத்து, ஓரத்தில் வடிகாலை ஆழப்படுத்து. ஓரடி மண்ணுக்குள் ஓரடி நல்ல தண்ணீர் இறங்கினால் அந்த மண்ணின் உப்பில் முக்கால் பங்காவது கீழே போய்விடும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகை வயல்களில் கடல்நீரை நிறுத்திவிட்டுப் போனது உனக்குத் தெரியும். மழைநீரைத் தேக்கி வடித்தும், ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டை மடக்கி உழுதும்தான் அவற்றை மீட்டார்கள். நீயும் அதைச் செய். மழை ஓய்ந்ததும் மார்கழிப் பட்டத்தில் விதை.

விதைக்கும்போது பாரின் உச்சியில் ஊன்றாதே. வெயிலில் ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பு உச்சியில்தான் படியும். வெள்ளைப் பொடியாகக் கண்ணுக்கே தெரியும். பாரின் பக்கவாட்டில், நடுவுக்குச் சற்றுக் கீழே ஊன்று. முளைக்கும் பருவத்தில்தான் செடி உப்புக்கு அதிகம் பயப்படும். அந்த வாரங்களைத் தாண்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

உரத்துக்கு வருவோம். ரசாயன உரங்களில் பெரும்பாலானவை உப்புகளே. அவற்றின் உப்புத்தன்மையை அளக்க ஒரு குறியீடு உண்டு. சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்தால் மியூரேட் ஆப் பொட்டாஷ் 116, சல்பேட் ஆப் பொட்டாஷ் 46, சூப்பர் பாஸ்பேட் 8 அளவில் வரும். உனக்குப் பொட்டாஷ் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பொட்டாசியம் புகும் வழியிலேயே சோடியமும் வேருக்குள் நுழையப் பார்க்கும். ஆனால் மியூரேட்டில் குளோரைடும் சேர்ந்து வரும். விலை கூடினாலும் சல்பேட்டை வாங்கு. சூப்பரில் கால்சியமும் கந்தகமும் கிடைக்கும், எண்ணெய் வித்துக்குக் கந்தகம் நல்லது. யூரியாவைப் பிரித்துப் பிரித்துக் கொடு, விதையை ஒட்டிப் போடாதே. தொழுவுரத்தை மட்டும் தாராளமாகப் போடு.

இவ்வளவும் செய்த பிறகு டானிக் பாட்டிலைத் திற. ஜிப்ரலினைச் செடி தானே சுரக்கிறது. இளம் சூரியகாந்தி பகலெல்லாம் வெயிலோடு திரும்புவதற்குத் தண்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட வேகமாக வளர்வதுதான் காரணம். அந்த வளர்ச்சிக்கு ஜிப்ரலின் வேண்டும். உப்பு ஏறும்போது செடி அப்சிசிக் அமிலத்தைக் கூட்டி, இலைத்துளைகளை மூடிக்கொண்டு, வளர்ச்சியை நிறுத்திவைக்கும். விதையை மெல்லிய ஜிப்ரலிக் கரைசலில் ஊறவைப்பதும், சாலிசிலிக் அமிலம் தெளிப்பதும் இந்த முடக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தும் என்று பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஜிப்ரலின் அளவு மீறினால் தண்டு நெட்டையாகி, பூவின் பாரம் தாங்காமல் சாயும். 1926இல் ஜப்பானின் குரோசாவா இந்தப் பொருளின் வேலையைக் கண்டதே, நாற்றை நெட்டையாக்கிச் சாய்க்கும் ஒரு நெல் நோயில்தான். கடைக்காரர் சொல்லும் அளவை விட்டுவிட்டு வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்.

தெளிக்கும் நாளில் நான்கு பாரை ஒதுக்கி வெறும் தண்ணீர் மட்டும் தெளி. அறுவடையில் அந்த நான்கையும் மருந்து தெளித்த நான்கு பாரையும் தனித்தனியாக எடை போடு. அடுத்த வருடம் அந்த பாட்டிலுக்குப் பணம் கொடுக்கலாமா என்று உன் வயலே உனக்குச் சொல்லும். பாட்டில் இல்லாமலே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பூக்கும் நாட்களில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் ஒரு பூவின் முகத்தை இன்னொரு பூவோடு மெல்லத் தேய்த்துவிடு, தேனீப் பெட்டி கிடைத்தால் கொண்டுவந்து வை. நடுவில் பொக்கு விழுவது குறையும். பூவைத் தேய்த்துவிடச் செலவே இல்லை.

உன் வயதில் நிலத்துக்குத் திரும்புகிறவர்கள் குறைவு. முதல் பருவத்திலேயே டானிக்குக்குக் கடன் வாங்கி, நஷ்டப்பட்டு, நிலமே ஆகாது என்று நீ முடிவுகட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. இந்த வருடம் அரை ஏக்கர் போதும். கையில் இருக்கும் பணத்தை வடிகாலுக்குச் செலவழி, அது அடுத்த பத்து வருடத்துக்கும் பயன் தரும். பரிசோதனை அட்டை வந்ததும் படம் எடுத்து அனுப்பு. உர அளவை இருவரும் உட்கார்ந்து போடுவோம்.

அன்புடன்,
பெரியப்பா