‘அவரே பொறுப்பு’ என்று அச்சடித்தால் தீர்ந்ததா?

“பில்லுக்குப் பின்னாடியே போட்டிருக்கோம் சார். சாமான் கடையை விட்டு இறங்கிட்டா நல்லது கெட்டது எல்லாம் எடுத்துட்டுப் போறவர் பொறுப்பு. நமக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?”

கட்டுமான இயந்திரங்களை வாடகைக்கு விடும் கடைகளுக்கு நஷ்டம் மதிப்பிடப் போகும் சர்வேயர் நான். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மிக்சர் மெஷினும் சென்ட்ரிங் ஷீட்டும் வைத்திருக்கும் சின்னக் கடைக்காரரும் சொல்கிறார். நாலு ஜேசிபி, இரண்டு பொக்லைன் ஓடவிடுபவரும் சொல்கிறார். பேங்க் லோன் இருக்கும் வண்டிக்கு மட்டும், பேங்க் கேட்டதற்காக ஒரு பாலிசி இருக்கும். மற்றதெல்லாம் அந்த வாசகத்தை நம்பி நிற்கும். அதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், பக்கத்து ஊர்க் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது என்பார்கள்.

முதலில் அந்த வாசகத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அது முழுக்க வெட்டி இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பொருளை வாங்கிச் சென்றவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைக் கவனமாக வைத்திருந்தால் போதும். அதற்குமேல் அது கெட்டாலும் தொலைந்தாலும் அவர் பொறுப்பில்லை. தனியாக ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இந்த விதி மாறும். ஆகவே ‘சேதத்துக்கும் இழப்புக்கும் அவரே பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போடுவது யார்? கான்ட்ராக்டர் வருவதில்லை. குட்டி யானையில் சாமான் ஏற்ற வந்த பையன் ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டுப் போகிறான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு சிவில் கோர்ட்டில் எத்தனை வருஷம் நடக்கத் தயார்?

இதெல்லாம் சாமானைப் பற்றிய பேச்சு. ஆளுக்கு அடிபட்டால் கதையே வேறு.

பில்லில் இருப்பது இரண்டு பேருக்குள் நடந்த ஒப்பந்தம். ரிவர்ஸ் எடுத்த ஜேசிபியில் அடிபட்டவர் மூன்றாவது ஆள். அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை; உங்கள் பில்லின் முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது அவரைக் கட்டுப்படுத்தாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி, ஆர்சி புக் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். நவீன் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒவ்வொரு வாடகைக் கடைக்காரரும் படிக்க வேண்டும். வண்டியை விற்றாகிவிட்டது, அது கை மாறிக் கை மாறிப் போயும்விட்டது. ஆனால் பெயர் மாற்றவில்லை. பதிவேட்டில் இருக்கும் உரிமையாளர்தான் பொறுப்பு என்றது நீதிமன்றம். விற்றுத் தலைமுழுகியவருக்கே அந்தக் கதி என்றால், மூன்று நாள் வாடகைக்கு விட்டவர் பில்லைக் காட்டித் தப்பிப்பாரா?

“நம்ம வண்டி ரோட்டுல ஓடாது சார், சைட்டுலதான் நிக்கும்” என்று உடனே அடுத்த வாதம் வரும். சைட்டுக்கு எப்படிப் போனது, பறந்தா? டயரில் ஓடும் எக்ஸ்கவேட்டர், லோடர், ரோலர், மொபைல் கிரேன் எல்லாவற்றையும் ‘கட்டுமான உபகரண வாகனம்’ என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே பெயர் சொல்லிக் குறிக்கின்றன. சாலையில் கொஞ்ச நேரம் ஓடுவது அவற்றின் துணை வேலை என்பதையும் அந்த விதியே ஒப்புக்கொள்கிறது. பொது இடத்தில் ஓடினால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். லோ பெட்டில் ஏற்றிக் கொண்டுபோகும் செயின் பொக்லைனின் கணக்கு வேறு. அதற்கு மோட்டார் பாலிசி இல்லை என்பதாலேயே கட்டுமான இயந்திரங்களுக்கான தனிப் பாலிசி இன்னும் அவசியம்.

அடுத்தது ஆபரேட்டர். பெரிய வண்டிகளை யாரும் சாவியை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. ஆபரேட்டரும் கூடப் போகிறார். அவர் உங்கள் சம்பள ஆள், படி கொடுப்பதும் நீங்கள். அவர் கையால் நடந்த தவறுக்கு முதலாளி என்ற முறையில் உங்களைத்தான் தேடி வருவார்கள். அவருக்கே அடிபட்டாலும் தொழிலாளர் இழப்பீடு உங்கள் தலையில். 1923ஆம் ஆண்டுச் சட்டமாக இருந்தாலும் சரி, அதை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பாக இருந்தாலும் சரி, முதலாளியின் கடமை மாறவில்லை. “இவன் எட்டு வருஷமா ஓட்டுறான்” என்பது லைசென்ஸ் ஆகாது. லைசென்ஸில் கோளாறு இருந்தாலும் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு உங்களிடம் திரும்ப வசூலிக்கலாம். ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. கிளீனர் பையனிடம் சாவி கொடுத்து “சும்மா நகர்த்திப் போடுடா” என்பவர்கள் இதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சின்னக் கடைக்காரர் இங்கே நிம்மதிப் பெருமூச்சு விடுவார்: அவரிடம் ஆர்சி புக்கும் இல்லை, ஆபரேட்டரும் இல்லை. அவருக்காகத்தான் அதே 1872 சட்டத்தின் 150ஆவது பிரிவு காத்திருக்கிறது. பொருளை ஓசியில் இரவல் கொடுத்தால், அதில் தனக்குத் தெரிந்த குறையை மறைத்தவர்தான் பொறுப்பு. வாடகைக்குக் கொடுத்தால் அப்படி இல்லை. குறை தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், அந்தக் குறையால் வாங்கியவருக்கு நேரும் நஷ்டத்துக்குக் கொடுத்தவரே பொறுப்பு. வின்ச் கயிறு அறுந்தது, சாரத்தின் கிளாம்ப் விட்டது, மிக்சரின் பாடியில் கரண்ட் பாய்ந்தது என்றால், “எனக்குத் தெரியாதுங்க” என்பது பதிலே இல்லை. காசு வாங்கிய கணத்தில் அந்தப் பதிலை விற்றுவிட்டீர்கள். இதற்கென்று பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கும் வாடகைக் கடைக்காரரைக் காண்பது அபூர்வம்.

பாலிசி வைத்திருப்பவர்களிடமும் அந்த ‘அவரே பொறுப்பு’ நம்பிக்கையின் தம்பி ஒன்று உலவுகிறது: “திருட்டு கவர் இருக்கு, எடுத்துட்டு ஓடிட்டாலும் கிளெய்ம் பண்ணிக்கலாம்.” கவனியுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் வசத்திலிருந்து எடுத்தால்தான் திருட்டு. நீங்களே ஏற்றி அனுப்பிய மிக்சரை ஒருவர் வேறு மாவட்டத்தில் விற்றுவிட்டால், சட்டத்தின் பார்வையில் அது நம்பிக்கை மோசடி. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303ஆவது பிரிவு, நம்பிக்கை மோசடி 316ஆவது பிரிவு. எஃப்ஐஆரில் எந்தப் பிரிவு விழுந்திருக்கிறது என்பதைத்தான் கம்பெனி முதலில் பார்க்கும். திருட்டுக்கு மட்டும் கவர் உள்ள பாலிசி மோசடிக்குப் பணம் தராது. வாடகைக் கடைக்கு நேரக்கூடிய முக்கியமான இழப்பே இந்த வகைதான் என்னும்போது, பாலிசி எடுக்கும் அன்றே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டாமா? சைட்டில் இரவோடு இரவாக நிஜமாகவே திருடு போனால், புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு வீட்டுக்கு வந்துவிடாமல் எஃப்ஐஆர் போடவைத்து, அன்றே கம்பெனிக்கும் மெயில் அனுப்புங்கள். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டி வாகனத் திருட்டுக் கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது உண்மை. அதற்காக உச்ச நீதிமன்றம்வரை போக யாருக்கு நேரம் இருக்கிறது?

மற்ற நம்பிக்கைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். இவற்றுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை.

“ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாச்சு.” ஃபுல் என்று எந்தப் பாலிசியிலும் எழுதியிருக்காது. உங்கள் ஜேசிபி அல்லது கிரேனின் மோட்டார் பாலிசியில் ஐஎம்டி 47 என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். வண்டி ஓடும்போது கவிழ்ந்தால் சரி, தோண்டும்போதோ தூக்கும்போதோ கவிழ்ந்தால் சேதத்துக்குப் பணம் கிடையாது என்பதுதான் அதன் சாரம். பள்ளத்தின் விளிம்பில் நின்று வேலை செய்யும் வண்டி எப்போது கவிழும்? கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு இந்த ஆபத்தையும் ஏற்கும் கம்பெனிகள் உண்டு. ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார், கேட்க வேண்டும்.

“பழைய வண்டி, வாங்கின விலைக்கே போட்டுக்கலாம்.” மோட்டார் பாலிசிக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஓடும். சிபிஎம் என்று சொல்லப்படும் கட்டுமான இயந்திரப் பாலிசியில், அதே திறனுள்ள புதிய மெஷினின் இன்றைய விலைக்குத்தான் போட வேண்டும். புதுசு 36 லட்சம், நீங்கள் போட்டது 12 லட்சம் என்றால், மூன்று லட்சம் ரிப்பேர் செலவுக்கு ஒரு லட்சம்தான் கணக்காகும். அதிலும் உங்கள் பங்கு என்று ஒரு தொகை கழியும். இந்தக் கணக்கைச் சொல்லும்போது என்னைத் திட்டாதவர்கள் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்குப் பிரீமியம் கட்டியது நானில்லையே.

“இன்ஜின் உட்கார்ந்துட்டா கிளெய்ம் வரும்.” வராது. உள்ளிருந்து வரும் பழுதை சிபிஎம் ஏற்காது. வெளியிலிருந்து வந்த அடிக்குத்தான் அது.

“ஸ்டாக் எடுத்தப்ப நூறு ஷீட் குறையுது, போட்டு வாங்கிடலாம்.” எண்ணிப் பார்க்கும்போது மட்டும் தெரியவரும் குறைவை சிபிஎம் பாலிசி வாசகமே விலக்கிவைக்கிறது. என்று, எங்கே, எப்படிப் போனது என்று சொல்ல முடிய வேண்டும். ஜாக்கியும் ஷீட்டும் போகும்போதும் வரும்போதும் எண்ணி சலானில் எழுதாத கடைக்கு இதில் வழியே இல்லை.

“கடைக்கு ஃபயர் பாலிசி இருக்கு.” கடைக்கு இருக்கிறது. கடையில் இல்லாத சாமானுக்கு எப்படி இருக்கும்? வாடகைக் கடையின் நல்ல சரக்கு எல்லாம் வெளியேதான் கிடக்கும்.

“கான்ட்ராக்டர் சிஏஆர் பாலிசி போட்டிருக்கார்.” அது அவர் கட்டும் கட்டடத்துக்கு. உங்கள் மெஷின் அதன் இணைப்புப் பட்டியலில், தனி மதிப்போடு இருந்தால் மட்டுமே சேரும். பட்டியலின் நகலைக் கேளுங்கள்; கொடுக்கத் தயங்கினால் அதில் இல்லை என்று அர்த்தம்.

தேர்தல் நேரத்துக்கென்று ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிரேனில் ராட்சத மாலையைத் தொங்கவிடுவதும், ஜேசிபி பக்கெட்டில் ஆள் ஏற்றித் தலைவர் மேல் பூக்கொட்டுவதும் நம் ஊரில் கௌரவம். அந்த மெஷின் எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அதற்கல்லாத வேலையில் இருக்கும்போது நேர்ந்த சேதத்தை சிபிஎம் ஏற்காது. பூக்கொட்டுவது எந்த மெஷினின் கையேட்டிலும் இல்லை. கட்சிக்காரர் கேட்டால் மறுக்க முடியாது என்பார்கள். கவிழ்ந்தால் கட்சிக்காரரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

தோண்டும்போது அறுபடும் கேபிளும் இப்படித்தான். பூமிக்குள் என்ன போகிறது என்று முன்கூட்டியே விசாரித்ததற்குச் சான்று இல்லாவிட்டால், மூன்றாம் நபர் சொத்துச் சேதக் கிளெய்ம் தள்ளாடும். விசாரிப்பதற்கென்றே 2023 மார்ச்சில் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்று ஒரு செயலியே விட்டிருக்கிறது. ஆபரேட்டர்கள் எத்தனை பேரின் போனில் இருக்கிறது என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் எந்தக் கடையிலிருந்தும் நான் கிளம்புவதில்லை. எடிட்டர் இடம் கொடுத்தால் தனிக் கட்டுரையே எழுதுவேன். கரண்டில் ஓடும் மிக்சர், வைப்ரேட்டர், பிரேக்கர் எதை வாடகைக்கு அனுப்பினாலும் கூடவே, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்திய ஒரு பெட்டியை அனுப்புங்கள். பெரும்பாலான கடைகளிலிருந்து போகும் வயரில் பிளக்கே இருப்பதில்லை. சைட்டில் இரண்டு முனையையும் சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியால் இறுக்குகிறார்கள். நடுவில் நாலு ஜாயின்ட், அதன்மேல் டேப், அது கிடப்பது ஈரக் கான்கிரீட்டில். “மெயின்ல எம்சிபி இருக்கே” என்கிறார்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. பத்து ஆம்பியர் எம்சிபி விழ வேண்டுமானால், ஆர்சிசிபி விழும் அளவைப்போல முந்நூறு மடங்குக்கு மேல் கரண்ட் ஓட வேண்டும். அதற்கு வெகு முன்பே கொத்தனாருடன் வேலை செய்யும் ஆள் போய்விடுவார்.

150ஆவது பிரிவைப் பற்றிச் சொன்னேனே, அதில் ‘குறை’ என்று வருவது இந்த வயர்தான். எந்தப் பாலிசியும் போன உயிரைத் திருப்பித் தராது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கவனக்குறைவு என்று போலீஸ் வழக்குப் போட்டால், அதில் கைதாவது கடைக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனி அல்ல. பெட்டிக்கு ஆகும் செலவு ஒரு வைப்ரேட்டரின் சில நாள் வாடகை. அதையும் வாடகையில் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். சலானில் ஒரு கட்டம் போட்டு, அனுப்பும் முன் வாங்க வந்தவர் கண்ணெதிரே டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டுங்கள். ஸ்விட்ச் விழாவிட்டால் பெட்டி கடையிலேயே இருக்கட்டும், கூடவே அந்த வைப்ரேட்டரும்.