ஆறாம் விளிம்பு எது?

சென்ற ஆண்டு எங்கள் பட்டறையில் ஓர் அலுமினியத் தகடு வீணாயிற்று. அளவில் பெரியதன்று, 160 மில்லிமீட்டர் நீளம், 90 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் கனம். மாணவர்கள் சிலர் கூடிச் செய்துவந்த சிறு வண்டியில் ஒரு பேரிங்கைத் தாங்க வேண்டிய தகடு அது. பூட்டிப் பார்த்தபோது அதிலிருந்த இரண்டு துளைகள், இருக்கவேண்டிய இடத்தைவிட்டு 8 மில்லிமீட்டர் தள்ளி நின்றன. துளையிட்டவர்மீது குற்றமில்லை, கையிலிருந்த படத்தில் கண்டபடியே அவர் செய்திருந்தார். படத்தை வரைந்தவன் நான். நானும் அந்த அளவைத் தொடவே இல்லை. பின் அதை மாற்றியது யார்? இக்கேள்விக்கு விடை தேடப்போய்க் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். இயந்திரவியல் பயிலாத நண்பர்களும் அஞ்சாமல் உடன் வரலாம். கணக்கு மிகுதியாக இல்லை.

இன்று இயந்திர உறுப்பு எதையும் முதலில் கணிப்பொறியில்தான் உருவாக்குகிறோம். ‘கேட்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கணிப்பொறி தன் நினைவில் உருவத்தை வைத்திருக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது முதன்மையாக வைத்திருப்பது செய்முறையை. என் தகட்டின் செய்முறை இது: செவ்வகம் ஒன்று வரைக, அதை 20 மி.மீ. உயரத்துக்கு எழுப்புக, மேல் முகத்தில், இடப்பக்க விளிம்பிலிருந்து 25 மி.மீ. தள்ளி இரண்டு துளை இடுக. நான்கு மூலைகளை 3 மி.மீ. ஆரத்தில் மழுக்குக. இவ்வரிகள் ஒவ்வொன்றையும் ‘ஃபீச்சர்’ என்பர். நாம் கூறு என்று சொல்வோம். அவற்றில் வரும் 20, 25, 3 போன்ற மாற்றத்தக்க எண்கள் ‘பாராமீட்டர்’கள். 20-ஐ 24 ஆக்கினால் போதும்; கணிப்பொறி முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்து புதிய தகட்டைக் காட்டிவிடும்.

இவ்வெண்ணத்துக்கு அறுபது வயது கடந்துவிட்டது. 1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வாக அளித்த ‘ஸ்கெட்ச்பேட்’டிலேயே, இவ்விரு கோடுகளும் இணையாக இருக்கவேண்டும், இவை ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்றெல்லாம் கட்டளையிட முடிந்தது. முப்பரிமாணத் திண்ம உருவங்களில் இம்முறையைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசென்றது, சாமுவேல் கைஸ்பர்க் என்னும் கணித அறிஞர் 1985-இல் நிறுவிய பாராமெட்ரிக் டெக்னாலஜி நிறுவனத்தின் ‘ப்ரோ எஞ்சினியர்’. 1995-இல் வந்த ‘சாலிட்வொர்க்ஸ்’ அதை விண்டோஸ் கணிப்பொறிகளிலும் பரப்பியது. இன்று நம் கல்லூரிகளில் மாணவர் கையாளும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவையே.

இனி என் தகட்டுக்கு வருவோம். படம் முடிந்தபிறகு, அருகே செல்லும் ஒரு குழாய் தகட்டில் இடிக்கும் என்று தெரிந்தது. இடப்பக்கக் கீழ் மூலையில் 8 மி.மீ. ஆழமும் 30 மி.மீ. நீளமும் உள்ள துண்டு ஒன்றை வெட்டிவிடுமாறு சொன்னார்கள். நான் முதல் வரிக்குத் திரும்பிச் சென்று, செவ்வகத்தின் அந்த மூலையில் இரண்டு கோடுகளைச் சேர்த்தேன். கணிப்பொறி தகட்டை மீண்டும் கட்டியது. எங்கும் சிவப்புக்குறி தோன்றவில்லை. நிம்மதியாகப் படத்தைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு உணவு விடுதிக்குச் சென்றேன்.

நடந்தது என்ன? துளைகளை ‘இடப்பக்க விளிம்பிலிருந்து’ என்று நான் சொன்னேன் அல்லவா? நான் விரலால் சுட்டிய விளிம்பைக் கணிப்பொறி ‘ஆறாம் விளிம்பு’ என்று குறித்துக்கொண்டது. செவ்வகக் கட்டிக்கு 6 முகங்கள், 12 விளிம்புகள். மூலை வெட்டியபின் முகங்கள் 8, விளிம்புகள் 18. ஒவ்வொரு முறை கட்டும்போதும் பழைய உருவத்தை எறிந்துவிட்டுப் புதியதைத் தொடக்கத்திலிருந்து செய்வதால், விளிம்புகளுக்கும் புதிதாகவே எண் இடப்படுகிறது. இப்போது ஆறாம் எண் விழுந்தது, வெட்டின் உட்புற விளிம்புக்கு. அது பழைய விளிம்பைவிட 8 மி.மீ. உள்ளே இருந்தது. துளைகள் இரண்டும் சேர்ந்தே நகர்ந்தமையால் அவற்றுக்கிடையே உள்ள தூரம் மாறவில்லை. என் கண்ணும் ஏமாந்தது. படத்திலோ 25 என்ற அளவு 25 என்றே இருந்தது. எதிலிருந்து 25 என்பதுதான் மாறிவிட்டது.

தெருவில் ‘ஆறாம் வீடு’ என்று முகவரி எழுதி அனுப்புகிறோம். நடுவே இரண்டு புதிய வீடுகள் எழுந்துவிட்டால் கடிதம் யார் கைக்குப் போகும்? தபால்காரர் ஊரை அறிந்தவர். பெயரைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். கணிப்பொறிக்கு அந்த ஊரறிவு இல்லை. இதனைத் துறையினர் ‘டோப்பலாஜிக்கல் நேமிங்’ சிக்கல் என்பர். முகத்துக்கும் விளிம்புக்கும் நிலையான பெயர் வைக்கும் சிக்கல் என்று பொருள்.

எண்ணுக்குப் பதில் வேறு எப்படிப் பெயர் வைப்பது? நம் ஊர்க் கிரயப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு விடை தெரியும். இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு என்று நான்கெல்லை சொல்லி எழுதும் முறையே அது. விளிம்பையும் அவ்வாறே அடையாளம் சொல்லலாம்: மேல் முகமும், செவ்வகத்தின் இடக்கோட்டிலிருந்து பிறந்த பக்க முகமும் சந்திக்குமிடம் என்று. எண் எப்படி மாறினாலும் இவ்வடையாளம் மாறாது. என் மென்பொருள் இம்முறையைப் பின்பற்றியிருந்தால் தகடு தப்பியிருக்கும். நல்ல மென்பொருள்கள் பலவும் ஏறத்தாழ இவ்வழியிலேயே செல்கின்றன. யாவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் ‘ஃப்ரீகேட்’, 2024 நவம்பரில் வெளிவந்த தன் 1.0 பதிப்பில்தான் இதற்கு ஏற்பாடு செய்தது. அவர்களும் சிக்கலைத் தணித்ததாகவே சொன்னார்கள், ஒழித்ததாகச் சொல்லவில்லை. அந்த அடக்கத்துக்குக் காரணம் உண்டு.

நான்கெல்லை சொல்லும் முறையும் ஓரிடத்தில் தடுமாறும். நிலம் உட்பிரிவு ஆகும்போது என்ன ஆகிறது? 112 என்ற சர்வே எண், 112/1, 112/2 என்று பிரிகிறது. பழைய பத்திரம் இவற்றுள் எதைக் குறிக்கிறது? இடப்பக்க விளிம்பின் நடுவே ஒரு காடி வெட்டினால், அதே மேல் முகத்துக்கும் அதே இடக்கோட்டில் பிறந்த முகத்துக்கும் இடையே இரண்டு விளிம்புத் துண்டுகள் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே பெயருக்கு வாரிசு. ஒரு விளிம்பை மழுக்கச் சொல்லியிருந்தால், இப்போது மேல் துண்டையா, கீழ்த் துண்டையா, இரண்டையுமா? வரைந்தவனின் உள்ளக்கிடக்கை தெரிந்தாலன்றி விடை கூற முடியாது. அது செய்முறையில் எழுதப்படவில்லை.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். என் துளைகள் ஏன் அவ்விடத்தில் இருந்தன? விளிம்புக்காக அன்று, எதிரே வந்து பொருந்தும் சட்டத்தின் போல்ட்டுகளுக்காக. விளிம்பு கைக்கு எட்டியதால் அதிலிருந்து அளந்தேன். அந்த அளவு சரியாக வந்தது. காரணம் தவறாக இருந்தது.

பெயர்ச்சிக்கலை விட்டுவிட்டாலும், வடிவக் கணக்கிலேயே இம்முறைக்கு எல்லை இருக்கிறது. உள்மூலையை வளைவாக்கும் ‘ஃபில்லெட்’டை எடுத்துக்கொள்வோம். மூலை நெடுகிலும் ஒரு பந்தை உருட்டிச் சென்றால் அது எப்படித் தொடுமோ அப்படியே வளைவு அமையும். 15 மி.மீ. அகலமுள்ள பள்ளம், அதன் அடியில் இரு மூலைகள். ஆரம் 5 என்றால் இரு வளைவுகளுக்கும் சேர்த்து 10 மி.மீ. போதும். ஆரத்தை 10 ஆக்கினால் 20 மி.மீ. வேண்டும், இருப்பதோ 15. பந்து பள்ளத்துக்குள்ளேயே இறங்காது. எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை, எல்லா எண்ணுக்கும் உருவம் உண்டு என்ற உறுதி ஆகாது. எந்த எல்லைக்குள் மாற்றலாம் என்று முன்கூட்டிச் சொல்லும் மென்பொருளை நான் இன்னும் பயன்படுத்தவில்லை. தவறியபின் சொல்வதே வழக்கம்.

பந்து உருளக்கூடிய இடத்திலும் கணக்கு எளிதன்று. கார் உடல்களில் காணும் வளைபரப்புகளை ‘பைக்யூபிக்’ துண்டுகளாக எழுதுவதுண்டு. அத்தகைய ஒரு துண்டைச் சமன்பாடாக விரித்தால் அது 18-ஆம் படி வரை செல்லும். இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளும் கோட்டின் படி 18 × 18, அதாவது 324. எந்த மென்பொருளும் அதைத் துல்லியமாகத் தீர்ப்பதில்லை; எல்லாம் தோராயமே. இரண்டு புள்ளிகள் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் அவை ஒன்றே என்று கொள்வார்கள். ‘பாராசாலிட்’ என்னும் கணக்குப்பொறியில் அத்தூரம் ஒரு மீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ‘ஓபன் கேஸ்கேட்’டில் வழக்கமான அளவு இலக்கத்தில் 0.0000001, மில்லிமீட்டரில் வரைந்தால் மில்லிமீட்டரில், மீட்டரில் வரைந்தால் மீட்டரில். இதைவிடத் தளர்ந்த தோராயத்தில் செய்த உருவம் வேறொரு மென்பொருளிலிருந்து வந்துசேர்ந்தால், பார்வைக்கு மூடியிருக்கும் பெட்டி கணக்குக்குத் திறந்துகிடக்கும். திண்மப் பொருள் என்று கொண்டுவந்தது வெறும் மேற்பரப்புகளாக உதிர்ந்து நிற்பதை நம்மில் சிலர் கண்டிருப்பீர்கள்.

வரைவுக்கோடுகளுக்கு இடும் கட்டுப்பாடுகளிலும் இதுபோன்ற ஒரு பொறி இருக்கிறது. 50, 40, 30 என்று மூன்று பக்கங்களைச் சொன்னால் முக்கோணம் ஒன்றுதான் என்று நினைப்போம். 50-ஐ அடியாக வைத்தால் உச்சி மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். முன்பிருந்த பக்கமே பிடித்துக்கொள்ளுமாறு மென்பொருள் முயலும். ஆனால் 30-ஐ மெல்ல மெல்ல உயர்த்தி 90 வரை கொண்டுபோனால் முக்கோணம் தட்டையாகிவிடும். அங்கிருந்து திரும்பி வரும்போது உச்சி எந்தப் பக்கம் எழும் என்பது உறுதியில்லை. 95 என்று கொடுத்தாலோ, 50-உம் 40-உம் சேர்ந்தாலும் எட்டாது.

செய்முறையே வேண்டாம், உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு முகங்களைப் பிடித்து இழுத்து மாற்றலாமே என்பாரும் உளர். ‘டைரக்ட் மாடலிங்’ என்னும் இம்முறை உடையதுதான் ‘ஸ்பேஸ்கிளெய்ம்’. 2008-இல் சீமென்ஸ் தன் மென்பொருள்களில் இரண்டையும் இணைக்கும் ஒரு வழியையும் அறிமுகம் செய்தது. அவசரத் திருத்தத்துக்கு இது மிக நன்று. ஆயினும் ஏன் 25 என்ற கேள்வி அங்கு எழவே எழாது. எழுதி வைக்க இடமே இல்லை. மென்பொருள்களுக்கிடையே பொது மொழியாக வழங்கும் ‘ஸ்டெப்’ கோப்பு, ஐஎஸ்ஓ 10303, இதற்கு நல்ல சான்று. அதில் நாம் வழக்கமாக அனுப்புவது முகங்களும் விளிம்புகளும் மட்டுமே. செய்முறை வாசலிலேயே நின்றுவிடும். ஒருவர் மூன்று மாதம் எண்ணி எண்ணிக் கட்டியது மற்றவரிடம் வெறும் கட்டியாகப் போய்ச் சேர்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் என் பழக்கம் சற்று மாறியிருக்கிறது. பிறந்த விளிம்புகளிலிருந்து எதையும் அளப்பதில்லை. தொடக்கத்திலேயே நானாக வைக்கும் தளங்களிலிருந்தும் மைய அச்சுகளிலிருந்தும் அளக்கிறேன். அவை முதல் வரியில் பிறந்தவை. பின்னால் எது வெட்டப்பட்டாலும் நகர்வதில்லை. மழுக்கல்களைக் கடைசி வரிகளில் வைக்கிறேன். முக்கிய எண்கள் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே மிகச் சிறிதாகவும் மிகப் பெரிதாகவும் மாற்றிப் பார்க்கிறேன்; உடைவது என் மேசையிலேயே உடையட்டும். பொறுமை இருந்தால் ஒவ்வொரு கூறுக்கும் ‘குழாய்க்கு இடம்’, ‘சட்டத்தின் போல்ட்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கிறேன். என் கூட்டாளிகளில் தமிழ் அறியாதவர்கள் இதற்காக என்னைக் கடிந்துகொள்வதால், அவர்களுக்காக ஆங்கிலப் பெயரையும் அருகில் எழுத நேர்ந்துள்ளது.

இரண்டாம் தகட்டுக்கு அலுமினியம் வாங்கப் பணம் எங்கள் குழுவிடம் இல்லை. முதல் தகட்டிலேயே பழைய துளைகளுக்கு அருகில் புதியவற்றை இடலாமா என்று கேட்டேன். பட்டறைப் பெரியவர் வெர்னியரை வைத்துப் பார்த்தார். 6 மி.மீ. விட்டமுள்ள துளைகள், மையங்களுக்கிடையே 8. இடையில் மிஞ்சும் சுவர் 2 மி.மீ. மட்டுமே. போல்ட்டை முறுக்கினால் கிழிந்துவிடும் என்றார். தகட்டைத் திருப்பி, மறுமுனையில் புதிதாக அளந்து, எனக்கு முன்பாகவே பேப்பரில் எழுதிக்கொண்டார்: சட்டத்தின் போல்ட்டிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று.