கணக்கில் தொடங்கும் எளிமை

அன்புள்ள ஞானமகள் ரீட்டாவுக்கு,

எளிமையாகவும் விழிப்போடும் வாழ ஆசை, எங்கே தொடங்குவதென்றுதான் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். வீட்டிலுள்ள பொருள்களைக் குறைப்பதில் தொடங்காதே, ரீட்டா. சுண்ணாம்புச் சுவர், மண் ஜாடி, கைத்தறி விரிப்பு என்று எளிமையின் தோற்றத்தையே நல்ல விலைக்கு விற்கும் கடைகள் நம் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் நிறைய உண்டு. அவற்றில் வாங்குவது பாவமில்லை. ஆனால் அது ரசனை, அதோடு நின்றுவிடும். நாம் உண்பதும் உடுப்பதும் யாருடைய உழைப்பு, அவருக்கு உரியது போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும்போதுதான் கிறிஸ்தவரின் எளிமை பிறக்கிறது. நற்செய்தியில் வரும் வரிதண்டுவோர் தலைவர் சக்கேயுவை நினைத்துப்பார். ஆண்டவர் வீட்டுக்கு வந்ததும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரு கணக்கு: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவது. அவர் வீட்டைத் துறந்ததாகவோ வேலையை விட்டதாகவோ லூக்கா எழுதவில்லை.

நம் மண்ணில் இந்தக் கணக்கை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, பிறகு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தார். இந்தியாவின் வறுமைக்கும் அரசு வரிப்பணத்தைச் செலவிட்ட விதத்துக்கும் உள்ள உறவை அங்கே கண்டுகொண்டபின், 1929இல் காந்தியைச் சந்தித்தார். கோட்டும் சூட்டும் கதராக மாறின. 1934 பீகார் நிலநடுக்க நிவாரண நிதியைக் கவனித்தபோது, காந்தியோடு வந்தவர்களின் செலவைக்கூட அந்த நிதியிலிருந்து தர முடியாது என்று மறுத்துவிட்டார். துயரப்பட்டவர்களுக்கென்று வந்த காசு அவர்களுக்கே என்பதில் அவருக்கு இரண்டாம் பேச்சில்லை. விடுதலைப் போராட்டத்தில் சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனை பற்றி ஒரு நூலும், நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி இன்னொரு நூலும் எழுதினார். இரண்டாவதில் பொருளாதாரத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்: கீழ்ப்படியில் பிற உயிரை அழித்துப் பிழைப்பது, மேற்படியில் தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுவதுபோல் கைம்மாறு கருதாமல் கொடுப்பது. கூட்டிக் கழித்துப் பழகிய ஒரு மனம் நற்செய்தியை வாசித்தால் எப்படி வாசிக்கும் என்பதை அறிய இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு நம் புதுச்சேரிக்கு வெளியே உள்ள விஷயம் என்று நினைக்காதே. 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்ட சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். புதுச்சேரியில் நெய்த துணிக்குப் பின்னால் அந்த இரத்தமும் உண்டு. விழிப்போடு வாழ்வது என்றால், ஒரு சேலையை எடுக்கும்போது விலைச்சீட்டைத் தாண்டியும் பார்ப்பது.

எல்லோரும் குறைவாக வாங்கினால் தொழிலாளிக்கு வேலை ஏது என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. நம் கண்ணெதிரே ரோடியர் துணி மில் மூடிக்கிடக்கிறது. இந்த ஊர்க்காரர் யாரும் அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அந்த ஆலை மக்கள் துணி வாங்குவதை நிறுத்தியதால் மூடப்படவில்லை. முன்னைவிட அதிகமாகவே வாங்குகிறோம். எங்கோ மலிவாக, யாரோ குறைந்த கூலிக்குத் தைத்ததை வாங்குகிறோம். பத்து மலிவுத் துணிக்குப் பதில் கூலி சரியாகக் கிடைத்த இரண்டை எடுத்தால், காசு நெய்தவர் கைக்குப் போகும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. விரும்பி எளிமையாக வாழ்வது, இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் வசதி அல்லவா? ஆம். கல்லறையில்கூடச் சாதி பார்த்த திருச்சபை நம்முடையது. காலம் காலமாகப் பறிக்கப்பட்டவர்களிடம் போய் எளிமையைப் போதிப்பது அநியாயம். அவர்கள் பிள்ளைக்கு ஒரு நல்ல சட்டை எடுத்தால் அது ஆடம்பரம் இல்லை, மானம். ஆகவே இந்தக் கடிதம் மாதச் சம்பளமும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் உள்ள உனக்கு மட்டும்.

திருவிழாச் செலவைப் பற்றியும் கேட்டிருந்தாய். வில்லியனூர் மாதா தேர் தெருவில் வரும்போது அதன் வெளிச்சம் எல்லோருக்கும் பொது. அதற்காக நான் வருந்துவதில்லை. ஒரு குடும்பம் கடன்பட்டுத் தன் கௌரவத்தைக் காட்டும் விருந்துதான் என்னை வாட்டுகிறது.

துறவிகளுக்குத்தான் இதெல்லாம் ஆகும் என்று உன் வருங்கால மாமியார் சொல்லலாம். குமரப்பாவும் மணம் செய்துகொள்ளவில்லை, உண்மை. சக்கேயுவுக்கோ வீடும் வாசலும் இருந்தன. உன் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தை உயர்த்து, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைச் சம்பளத்தோடு கொடு. மிச்சமிருக்கும் தொகையில் எத்தனை பேருக்குச் சாப்பாடு போடலாம் என்று இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கணக்கை எனக்கும் அனுப்பு.

ஆசீருடன்,
உன் ஞானத்தாய்